துண்டுக்குக் கெடைச்ச இடம்

நான் சொல்றதுல ஒத்தைச் சொல் பொய்யா இருந்தாலும், நாளைக்குக் காலையில இந்தப் பேக்கரியில ஒரு பன்னுகூட உப்பாம போகட்டுங்க. தொழில் மேல சத்தியம். இதுக்கு மேல என்ன வேணும்?

ரொட்டி சுடற படிப்புக்கு வெளிநாடு போனேனுங்களா, அங்க காலேஜுல இடம் கெடைச்சது எனக்கில்லீங்க. என் துண்டுக்கு.

பத்தாவதை ரெண்டு தடவை எழுதியும் தாண்டாத என்னை, இந்தப் பேக்கரிக்காரரு நாச்சிமுத்து மாமாதான் அனுப்பி வச்சாரு. ஏரோப்ளேன் கெளம்பறதுக்கு முன்னாடியே கடை வாசல்ல "வெளிநாட்டில் படித்த சென்னியப்பன்"னு போர்டு எழுதித் தொங்க விட்டுட்டாரு. பெயிண்டு காயறதுக்குள்ள திரும்பி வந்தா, பெருந்துறையில எந்த மூஞ்சியோட நடக்கறதுங்க?

மொத நாள் காலேஜுக்குப் போனா வாசல்ல ஒரே கூட்டம். ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். உள்ள முப்பதே முப்பது நாற்காலி. ஈரோட்டு பஸ் ஸ்டாண்டுல பழகுன கை சும்மா இருக்குமா? தோள்ல கெடந்த பச்சைக்கரைத் துண்டை ஜன்னல் வழியா மூணாவது நாற்காலியில வீசிட்டு, நிதானமா வாசலைச் சுத்தி வந்தேன்.

வர்றதுக்குள்ள வாத்தியாரு ஆஜர் எடுத்து முடிச்சுட்டாரு. முப்பது நாற்காலி, முப்பது பேரு. மூணாவது பேரு: துண்டு, பச்சைக்கரை, பெருந்துறை. ஹாஸ்டல் சாவி, கம்பளி, பஸ் பாஸ் எல்லாத்தையும் அது மேலயே வச்சாச்சு.

இடம் குடுக்கறதுக்குன்னே அந்த ஊருல ஒரு ஆபீஸ் இருக்குதுங்க. நாயம் கேட்டு அங்க போனா, ஹில்டான்னு ஒரு அம்மா. நம்மூர்ப் பேச்சு அப்படியே பேசுச்சு. எப்படின்னு நான் கேக்கலை. போன எடத்துல எதுக்கு வம்பு.

"மொதல்ல வந்தவருக்குத்தான் இடம். அவருக்கு நீங்க என்ன வேணும்?"

"அது என் துண்டுங்க. பத்து வருஷமாத் தோள்ல சுமக்கறேன்."

சுமக்கற ஆளுன்னு எழுதிக்கிச்சு. சுமக்கற ஆளுக்கு ஊருல முப்பது நாளாம். அதுக்குள்ள சொந்தமா ஒரு இடம் தேடிக்கணும், இல்லைன்னா ஏரோப்ளேன்.

ஹாஸ்டல்ல கட்டிலும் கம்பளியும் துண்டுக்கு. தரை எனக்கு. குளுருல பல்லு தந்தி அடிக்கும். ஒரு நாள் குளிச்சுட்டுத் துவட்டலாம்னு அதை எடுத்தேன். வார்டன் பாத்துட்டு, படிக்கிற புள்ளைய இப்படிப் போட்டுப் புழியலாமான்னு திட்டுனாரு. அதுவும் நாயந்தானுங்களே.

பகல்ல அதைக் கொண்டு போய் நாற்காலியில உக்கார வச்சுட்டு, ஜன்னலுக்கு வெளிய நின்னு நானும் பாடம் கேப்பேன். துண்டு நல்லாப் படிச்சுதுங்க. பேசாது, தூங்காது, சொன்னதையெல்லாம் உறிஞ்சிக்கும். வெளிய நிக்கறவனைப் பாத்துக் கெட்டுப் போயிராதேன்னு வாத்தியாரு அதுகிட்ட அக்கறையாச் சொன்னாரு. தங்கமான மனுசன்.

முப்பதாம் நாள் சுடற பரிட்சை. ஆளுக்கு ஒரு கிலோ மாவு. எல்லாரும் பெசையறாங்க, என் துண்டு மாவைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்குது. அரை மணி ஆச்சு. முக்கால் மணி ஆச்சு. அது பெயிலானா அதுக்கும் ஏரோப்ளேன், எனக்கும் ஏரோப்ளேன். கண்ணுக்குள்ள மாமாவோட போர்டு ஆடுது. அந்நேரம் பாத்து என்னை ஏத்தி விடறதுக்கு ஹில்டாம்மா நோட்டோட வந்து நிக்குது.

"அம்மணி, அதுக்குக் கை இல்லீங்களே"ன்னேன்.

ஹில்டாம்மா சட்டப் புஸ்தகத்தைப் புரட்டுச்சு.

"கை இல்லாத மாணவர் சொந்த ஊருல இருந்து ஒரு ஜோடி கை வரவழைச்சுக்கலாம். கைக்கு இடம் உண்டு. ஆனா வந்து சேர முப்பது நாள் ஆகும்."

"மொத நாளே வந்துருச்சுங்க"ன்னு ரெண்டு கையையும் நீட்டுனேன்.

ரெண்டு உள்ளங்கையிலயும் சீல் குத்துச்சு. மத்த ஒடம்பை என்ன பண்றதுன்னு கேட்டேன். கை போற எடத்துக்கு மத்ததும் போலாம், தனியா நாற்காலி மட்டும் கேக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. அப்ப வெளிய வந்துச்சு பாருங்க ஒரு மூச்சு, முப்பது நாளா நெஞ்சுல நின்ன மூச்சு.

உள்ள போய்ப் பெசைஞ்சேன். மாவு பொங்கி வர்றதுக்கு ஈரத்துணி போட்டு மூடணுமில்லீங்களா? துண்டை நனைச்சு மூடுனேன். அடுத்தவங்க மாவெல்லாம் குளுருல சுருண்டு கெடக்க, எங்க மாவு துண்டையே தூக்கிக்கிட்டு எந்திரிச்சுது. மொத மார்க்கு. துண்டுக்குத்தான்.

அன்னைக்கே வார்டன் கூப்புட்டு, கட்டில்ல கைக்கும் இடம் குடுத்தாரு. கையை மேல வச்சுக்கிட்டு, மத்ததைத் தரையில போட்டுக் கட்டையாட்டம் தூங்குனேன். அதுக்கப்புறம் அது எனக்குச் சொந்த ஊரு மாதிரி ஆயிருச்சுங்க.

படிப்பு முடிஞ்சு வந்தாச்சு. மாமா போர்டை மாத்தி எழுதிட்டாரு, உள்ள வரும்போது பாத்திருப்பீங்க: "வெளிநாட்டில் படித்த துண்டு". கல்லாவுல உக்காந்திருக்கறது அதுதானுங்க. போன வாரம் ஹில்டாம்மா அவங்க வீட்டு மேசைவிரிப்புக்கு அதோட ஜாதகம் கேட்டுக் கடுதாசி போட்டிருந்துச்சு. பத்துப் பொருத்தத்துல எட்டு இருக்குது.

சரிங்க, கதை கேட்ட கூலியை எடுங்க. காசெல்லாம் வேண்டாம். உள்ள கழுவாத தட்டு நாப்பது கெடக்குது. ஆளுக்கு ஒரு ஜோடி கையை அனுப்பி வையுங்க. மத்தது பெஞ்சுலயே உக்காந்திருக்கட்டும்.