மணியக்காரர் வீதிக்குப் பின்னால்

கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவதற்காக சுலோசனா பழைய வேட்டியிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்துக்கொண்டிருந்தபோதுதான் தெருச் சங்கத்தார் வந்தார்கள். வந்தவர்கள் இரண்டே பேர். தலைவர் கமருஸ்ஸமான் பாய், குடை ரிப்பேர் கடை வைத்திருப்பவர். இன்னொருவன் மில் தொழிலாளி அரிகிருஷ்ணன். சங்கத்தின் செயலாளர் கூடத்தில் பெஞ்சின் மேல் கிடந்தார்.

செயலாளர் தெய்வசிகாமணி, சுலோசனாவின் அப்பா. மில்லில் பிட்டர். எட்டு நாள் காய்ச்சல், அன்று விடிகாலையில் முடிந்துபோனது. அம்மா சின்னப்பொண்ணு அவர் முகத்தில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தாள். அழுது முடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கை மட்டும் நிற்காமல் போய் வந்துகொண்டிருந்தது.

பாய் தலைமாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சுலோசனாவிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"சாவப் பதிய யாரும்மா போறது?"

"சித்தப்பா போறேன்னாரு."

"வடிவேலுக்கு பிரெஞ்சு தெரியாதே. அவுங்க இன்னா எழுதுறாங்கன்னு யாரு படிக்கிறது? நீ வா எங்ககூட."

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பா வடிவேல் வாசலில் மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தவர், கத்தியோடு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அப்பன் கெடக்கறப்ப பொட்டப் புள்ள ஆபீசுக்குப் போவுதா? பாய், பன்னண்டுக்குள்ள எடுக்கணும். வெயிலப் பாத்தீங்கல்ல?"

"சீட்டு இல்லாம சுடுகாட்டுல எரிக்க விட மாட்டாங்க அண்ணே, யாராச்சும் போய்த்தானே ஆவணும்" என்றான் அரிகிருஷ்ணன். அவனுக்கு நிற்கவே முடியவில்லை, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தான். "கவர்மென்ட்டு புஸ்தகத்துல கெணத்துத் தெருன்னு ஒரே ஒரு தடவ விழட்டும். அத வச்சிக் கொழா கேப்போம், வெளக்கு கேப்போம். இல்லாத தெருவுல ஒரு மனுசன் எப்பிடி சாவ முடியும்? சொல்லுங்க."

அம்மாதான் விசிறியை நிறுத்தாமல் பேசினாள்.

"போயிட்டு வா சுலோசனா. அதயாச்சும் எழுதிட்டு வா."

முப்பத்தொரு வீடுகள். மணியக்காரர் வீதியின் கொல்லைப்புறங்களுக்கும் வைத்திக்குப்பத்து மணலுக்கும் நடுவே ஒரு சந்து. நடுவில் ஒரு கிணறு, தண்ணீர் உப்பு, பாத்திரம் கழுவத்தான் ஆகும். குடிக்கிற தண்ணீருக்கு மணியக்காரர் வீதிக் குழாய்க்குப் போக வேண்டும். அங்கே இவர்களுக்கு ஒரு பெயர் இருந்தது. பின்னாடி ஜனங்க. முன்வீதிக் குடங்கள் நிரம்பிய பிறகுதான் பின்னாடி ஜனங்களின் குடங்கள். இன்று காலையில் மட்டும், பிணத்தைக் குளிப்பாட்ட என்றதும், வரிசை விலகி நான்கு குடம் விட்டார்கள்.

நகர வரைபடத்தில் அந்தச் சந்து இல்லை. பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய வாரமே தெய்வசிகாமணி சங்கம் ஆரம்பித்துவிட்டார். தெருவுக்குப் பெயர் வைக்க மூன்று கூட்டம் நடந்தது. அரிகிருஷ்ணன் ஒரு தலைவர் பெயரைச் சொன்னான். "நாளைக்கு நீ கட்சி மாறுனா போர்ட யாருப்பா மாத்துறது?" என்றார் பாய். கடைசியில் கிணறு ஜெயித்தது. அதன்மேல் யாருக்கும் ஆசையும் இல்லை, கோபமும் இல்லை. தெய்வசிகாமணி தகரம் வெட்டி, கறுப்புப் பெயின்ட்டில் எழுதி, சந்தின் முனையில் சவுக்குக் கம்பு நட்டு மாட்டினார்.

மனுக்களை அவர் சொல்லச் சொல்ல சுலோசனாதான் எழுதினாள். கான்வென்ட்டில் படித்தவள். தமிழில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று. நான்கு வருடத்தில் பதினோரு மனு. ஒன்றுக்கும் பதில் வரவில்லை. முனிசிபாலிட்டிக்கு நேரில் போய்க் கேட்டால், பதில் தபால்ல வரும், போங்க என்றார்கள்.

பதிவு ஆபீசும் அதே கட்டடத்தில்தான், கூட்டம் இல்லை. குமாஸ்தா வயதானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். வைத்தியர் சீட்டைப் பார்த்தார், பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதினார். பதிவேட்டில் இன்னும் பிரெஞ்சில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். சுலோசனா எதிர்ப்பக்கம் நின்று தலைகீழாகப் படித்துக்கொண்டே வந்தாள்.

"விலாசம்?"

"பதினேழு, கிணற்றுத் தெரு" என்றாள்.

பேனா நின்றது. அவர் ஒரு பட்டியலை எடுத்து விரலால் தடவிக்கொண்டு போனார். முடிவு வரை போய்த் திரும்பி வந்தார்.

"அப்பிடி ஒரு தெரு இல்லியேம்மா."

"இருக்குங்க. நான் அங்கதான் குடியிருக்கேன்" என்றான் அரிகிருஷ்ணன்.

"நீ இருப்பப்பா. பட்டியல்ல இல்ல."

பாய் கக்கத்திலிருந்த சங்கத்து பைலைப் பிரித்து ஒரு தாளை மேசைமேல் விரித்தார். காலண்டர் தாளின் பின்பக்கம் தெய்வசிகாமணி ஸ்கேல் வைத்து வரைந்த படம். முப்பத்தொரு கட்டம், நடுவில் ஒரு வட்டம். வட்டத்துக்கு நீலம் தீட்டியிருந்தார்.

"எறந்துபோனவரு போட்டதுங்க. ஒரு வார்த்த எழுதுனீங்கன்னா போதும்" என்றார் பாய்.

குமாஸ்தா படத்தை நன்றாகப் பார்த்தார். கண்ணாடியை இறக்கி மறுபடியும் பார்த்தார். "கிணற்றுத் தெரு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எழுந்து அடுத்த அறைக்குப் போனார்.

"எழுதப் போறாரு" என்றான் அரிகிருஷ்ணன் மெதுவாக.

அவர் சணல் கயிறு கட்டிய ஒரு கட்டோடு வந்தார். அவிழ்த்து மூன்று உறைகளைத் தனியே எடுத்து வைத்தார். மூன்றிலும் அப்பாவின் பெயர். மூன்றிலும் விலாசம், செயலாளர், கிணற்றுத் தெருவாசிகள் சங்கம், 17, கிணற்றுத் தெரு. குறுக்கே சிவப்புப் பென்சிலில் ஒரே கை எழுதியிருந்தது. இப்படி ஒரு தெரு இல்லை, திருப்பப்படுகிறது.

"எங்கயோ பாத்த பேரா இருக்கேன்னு நெனச்சேன். நீங்க குடுத்த விலாசத்துக்குத்தான் அனுப்பியிருக்காங்க."

சுலோசனா முதல் உறையைப் பிரித்தாள். மனு கிடைத்தது என்று இருந்தது. இரண்டாவதிலும் அதேதான். மூன்றாவது போன வருடத்துக் கடிதம். தெருவை வரைபடத்தில் சேர்ப்பது குறித்து, மனுதாரர் மார்ச் பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு, தெருவின் படத்துடன் நேரில் வரவும். வரத் தவறினால் மனு முடிக்கப்படும்.

அவள் அதைச் சத்தமாகப் படிக்கவில்லை. தமிழில்தான் இருந்தது, பாயும் அரிகிருஷ்ணனும் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து தாங்களே படித்துக்கொண்டார்கள்.

ஒருமுறை அவள் கேட்டிருக்கிறாள். முன்வீதி மருந்துக் கடை விலாசத்தைப் போட்டால் என்னப்பா, சித்தப்பா கடுதாசியெல்லாம் அங்கேதானே வருகிறது என்று. "தெரு வேணும்னு எழுதுற மனுவுல அடுத்த தெரு விலாசத்தப் போட்டா, அப்பறம் நமக்குத் தெரு எதுக்கு?" என்றார். அவள் கிணற்றுத் தெரு என்றே எழுதினாள். பதினோரு முறையும் அடியில் கோடு போட்டு எழுதினாள்.

"தோ படம் இருக்குதுங்களே" என்றான் அரிகிருஷ்ணன். "அவுங்க கேட்ட படம் இதுதான். இப்ப வாங்கிக்கிங்க."

"அது முடிஞ்சிபோன மனு தம்பி."

"புதுசா போடறோம்."

"போடு. ஆனா இப்ப எதயும் எடுக்க மாட்டாங்க. கொடிதான் மாறிச்சி. ஊர ஒப்படைக்கிற கையெழுத்து இன்னும் முழுசா ஆவல. மேல கேட்டா, இருக்கறது இருக்கட்டும், புதுசா எதுவும் சேக்காதன்றாங்க. நான் ரிடையர் ஆவறதுக்குள்ள நடக்காது." அவர் சுலோசனாவைப் பார்த்தார். "பக்கத்து வீதி எதும்மா?"

அவள் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். பாய்தான் சொன்னார். "மணியக்காரர் வீதி."

"அதுக்குப் பின்னாலன்னு போட்டுடறேன். நீ கையெழுத்துப் போடு."

"போடாத சுலோசனா." அரிகிருஷ்ணன் மேசையைப் பிடித்துக்கொண்டான். "பாய், பொணத்தக் கொண்டாந்து இந்த வாசல்ல வச்சிடுவோம். முப்பத்தொரு வீடும் வந்து குந்தட்டும். எழுதாம எங்க போறாங்க பாக்கலாம். சொல்லு சுலோசனா, ஒன் அப்பாதானே, நீ சொன்னா ஆச்சி."

குமாஸ்தா அவனைக் கோபிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். பத்தே முக்கால்.

சுலோசனா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெயில் தரையில் வெள்ளையாக நின்றது. அப்பாவின் மூக்கில் வைத்த பஞ்சு காலையிலேயே ஒருமுறை நனைந்து, மாற்றியாகிவிட்டது. அம்மா விசிறிக்கொண்டிருப்பாள். இன்னும் எவ்வளவு நேரம் விசிறுவாள்?

"எழுதுங்க" என்றாள்.

பின்னால் என்பதற்கான பிரெஞ்சு வார்த்தையைத் தலைகீழாகவே படித்தாள். பிழையில்லாமல் எழுதியிருந்தார். அவள் கையெழுத்துப் போட்டாள், சாட்சியாகப் பாய் போட்டார். அரிகிருஷ்ணன் வெளியே போய்விட்டான்.

மை காய்வதற்காகக் காத்திருந்தபோது குமாஸ்தா பைலிலிருந்த மனு நகல்களையும் பதிவேட்டில் அவள் போட்ட கையெழுத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"மனுல்லாம் நீ எழுதினதா? நல்ல கையெழுத்தும்மா."

அந்த மூன்றாவது கடிதத்தை அவள் கேட்டாள். அவர் யோசித்துவிட்டுக் கொடுத்தார்.

வாசலில் நின்றிருந்த அரிகிருஷ்ணனும் அவர்களோடு சேர்ந்துகொண்டான். மணியக்காரர் வீதி திரும்பும்போது பாய் நின்றார்.

"சங்கத்துல சொல்லணுமா?"

"சொன்னா செக்ரட்டரி மேலதான் பழி வரும்" என்றான் அரிகிருஷ்ணன். குரல் இறங்கியிருந்தது. "நாலு வருசம் சந்தா கட்டுனவன் சும்மா இருப்பானா?"

"அம்மாவுக்கும் வேணாம் பாய் மாமா" என்றாள் சுலோசனா.

பாய் தலையாட்டினார். பைலை அவளிடம் நீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, தன் கக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

வாசலில் பாடை தயாராக இருந்தது. சித்தப்பா சீட்டை வாங்கி மடியில் சொருகிக்கொண்டு, "நேரமாச்சி, தூக்குங்க" என்றார். சுலோசனா உள்ளே போனாள். அம்மா நிமிர்ந்தாள்.

"எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்கம்மா."

"தெருப் பேரு?"

"ம்."

அம்மா விசிறியைக் கீழே வைத்தாள். காலையிலிருந்து முதல்முறையாக வைத்தாள். அப்பாவின் காதருகே குனிந்து, காது மந்தமானவரிடம் சொல்வதுபோலக் கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

"எழுதிட்டாங்களாம். கேக்குதா? எழுதிட்டாங்களாம்."

சுற்றியிருந்த பெண்கள் ஓவென்று அழ ஆரம்பித்தார்கள். சுலோசனாவின் இடுப்பு மடிப்பில் உறையின் முனை குத்திக்கொண்டே இருந்தது. அவள் அழவில்லை.

சந்தின் முனையில் பாடையின் பூ வளைவு பெயர்ப்பலகையில் இடித்தது. "அதக் கழட்டுய்யா" என்றார் சித்தப்பா. அரிகிருஷ்ணன்தான் கழற்றினான். சுவரோரம் சாத்தி வைத்துவிட்டு ஓடிப்போய்த் தோள் கொடுத்தான்.

மறுநாள் காலையில் சுலோசனா குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது பலகை அங்கேயே இருந்தது, எழுத்து சுவரைப் பார்த்தபடி. அதைத் தாண்டிக் குழாய்க்குப் போனாள். ஏழெட்டுக் குடங்கள் இருந்தன. தன் குடத்தைக் கடைசியில் வைத்தாள். முன்வீதிக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் பின்னால் வந்து நின்றாள், இடுப்பில் பித்தளைக் குடம். இவளுடைய எண்ணெய் வைக்காத தலையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"நீ எந்தத் தெரும்மா?"

முன்னால் ஒரு குடம் நிரம்பி நகர்ந்தது.

"பின்னாலதாங்க" என்றாள் சுலோசனா.

அந்தப் பெண் பித்தளைக் குடத்தை இறக்கி அவள் குடத்துக்கு முன்னால் வைத்தாள். சுலோசனா தன் குடத்தைக் காலால் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி இடம் விட்டாள்.