மேய்ப்பர் வீடு

பண்ணைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே இருபத்தாறு வருஷமாக ‘மேய்ப்பர்’ என்றுதான் இருந்தது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. நாற்பது மாடுகள்; எது இருமினாலும் எதற்கென்று அவருக்கு அத்துப்படி. பட்டியை ஒட்டி இரண்டு அறை வீடு. எந்த நேரத்தில் எந்த மாடு கன்று போட்டாலும் மேய்ப்பர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும் என்று கொடுத்த வீடு.

மகளுக்குத்தான் அந்தச் சொல் தொண்டையில் சிக்கிய முள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் யாரைத் திட்டினாலும், “நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு!” என்பார். உடனே வகுப்பே திரும்பி இவளைப் பார்க்கும். கணக்கைத் தப்பாகப் போட்டவன் எவனோ, தலைகுனிந்தது இவள். இப்போது ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

“அப்பா என்ன பண்றாருன்னு கேட்டா நான் என்னத்தப்பா சொல்றது?”

“மாடு மேய்க்கிறாருன்னு சொல்லு. திருடறாருன்னா சொல்லச் சொல்றேன்?”

“என் கஷ்டம் உங்களுக்குப் புரியாதுப்பா.”

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவுதான், மனுஷன் உருகிவிட்டார். மகளே மனு எழுதினாள். ‘மேய்ப்பர்’ என்பதை எடுத்துவிட்டு ‘கால்நடைப் பராமரிப்பு உதவியாளர்’ என்று போட வேண்டுமாம். அவர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மேலாளர் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டார். அந்த ஆள் சிரித்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா?

நாலாம் நாள் சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ் வந்தது. அவர் மனைவி அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பத்தாம் நாள் கடிதம் வந்தது. பட்டி வீடு மேய்ப்பருக்கு உரியது, புதிய மேய்ப்பர் சேர்ந்துவிட்டார், ஒரு வாரத்தில் காலி செய்யவும்.

அலறியடித்துக்கொண்டு ஓடினார். “ஐயா, அந்த மனுவைக் கிழிச்சுப் போட்டுடுங்க. பழையபடி மேய்ப்பராவே இருந்துட்டுப் போறேன்.”

“நீங்க கேட்டுத்தானே மாத்துனோம்? இப்ப அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சே,” என்றார் மேலாளர்.

போட்ட ஆள் யார்? மேலாளரின் மச்சான்! கிடேரிக்கும் காளைக்கும் வித்தியாசம் தெரியாத மகராசன். சாணியைக் கண்டால் மூக்கைப் பொத்துகிறவன். அப்படியானால் மேய்ச்சலுக்கு யார் ஓட்டிப் போவது? வேறு யார், உதவியாளர்தான்! வயிறு எரியாமல் என்ன செய்யும்?

காலி செய்கிற அன்று காலையில் சாமான்களெல்லாம் வாசலில் கிடந்தன. மகள் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். மச்சான் அதற்குள் வீட்டுக்குள் புகுந்துவிட்டான். வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்து நின்றான்.

“யோவ் மாட்டுக்காரரே, மணி ஏழாச்சு. மாட்ட ஓட்டலயா?”

மகள் சட்டென்று நிமிர்ந்தாள். “மரியாதையாப் பேசுங்க. எங்கப்பா பராமரிப்பு உதவியாளர். பேட்ஜப் பாருங்க!”

“நீ சும்மா இரும்மா,” என்றார் அவர். அப்பாவின் குரல் தன்னிடம் இப்படிக் கசந்து அவள் கேட்டதே இல்லை. “அந்தப் பழைய பேரு இருந்தப்ப தலைக்கு மேல கூரையாவது இருந்துச்சு.”

பேட்ஜைக் கழற்றி அவள் பிடித்திருந்த சாக்குக்குள் போட்டார். கம்பை எடுத்துக்கொண்டு பட்டியைத் திறக்கப் போனார்.