மோட்டார் ஓடும் நேரம்

ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு நாலு வருஷம் பேசாமல் இருப்பது லேசுப்பட்ட வேலையில்லை. அதற்குத் தினமும் உழைக்க வேண்டும். லிஃப்ட் மெக்கானிக்கும் அவன் அப்பாவும் அந்த உழைப்பில் ஒருநாள்கூடக் குறை வைத்ததில்லை.

அப்பா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குப் பெயர் செக்கர். முன்பின் தெரியாதவரிடமெல்லாம் முப்பது வருஷம் கேள்வி கேட்ட வாய், மகனைக் கண்டதும் மருமகள் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

"தண்ணி மோட்டார் போட்டானான்னு கேளும்மா."

இரண்டடி தள்ளி நின்று சட்டைப் பட்டன் போடுகிற மகன், "போட்டாச்சுன்னு சொல்லு" என்பான்.

"ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்ல? என்னைய ஏன் தபால் பெட்டி ஆக்குறீங்க?" என்று மருமகள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

காரணம் தெருவுக்கே தெரியும். அம்மா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டிருந்த அந்த மத்தியானம், மகன் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில், ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மூன்று பேரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "ஊரானை எல்லாம் தூக்கி விட்டுட்டு வந்துட்டியா?" என்றார் செக்கர், வராந்தாவில் பத்துப் பேர் முன்னால். அவன் பேசாமல் இருந்திருக்கலாம். "நீங்க பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே, காப்பாத்தினீங்களா?" என்று கேட்டுவிட்டான். செக்கர் வாயைத் திறந்தார். அப்படியே மூடினார். அன்றைக்கு மூடியதுதான்.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனிக்காரர்களுக்கு அந்த யோசனை வந்தது. வெளிநாட்டுக் கிளையிலிருந்து ஒருவர் இங்கே, இங்கிருந்து நம் மெக்கானிக் அங்கே, ஆறு மாதம். வேலை கற்றுக்கொள்ளலாமாம். வாடகையை மிச்சம் பிடிக்க, இவன் அவர் வீட்டில், அவர் இவன் வீட்டு மாடி அறையில்.

"பொம்பளை, புள்ளை இருக்கிற வீட்டுல எவனோ ஒருத்தனை இறக்குறாங்களே, கேக்க ஆளில்லையா?" என்று எதிர்வீட்டு அக்கா தெருவெல்லாம் கேட்டுக்கொண்டு போனாள். மெக்கானிக்குக்கு மாற்றாக வந்து இறங்கியவருக்கு மாத்தாள் என்று பெயர் வைத்தவளும் அவளேதான். ஐம்பது வயசு, மனைவி மக்கள் இல்லாத ஆள், வந்த முதல் வாரத்திலேயே அக்கா வீட்டு கேட்டுக்கு எண்ணெய் போட்டு, அது கிறீச்சிடுவதை நிறுத்தினார். அதோடு அக்காவும் நிறுத்திக்கொண்டாள்.

மாத்தாளின் வீடு அங்கே நாலாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. ஊருக்கெல்லாம் லிஃப்ட் பார்க்கிற மனுஷன் வீட்டுக்குப் படியேறிப் போகிறாரே என்று நம் மெக்கானிக் முதல் நாள் சிரித்தான், மூன்றாவது மாடி வரைக்கும். அதற்குமேல் சிரிக்க மூச்சில்லை. உள்ளே ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு தட்டு. புதிதாக வருகிறவனுக்காக ஒவ்வொரு ஸ்விட்சுக்குப் பக்கத்திலும் பென்சிலால் படம் வரைந்து வைத்திருந்தார். விளக்கு, விசிறி, வெந்நீர். அந்தப் படங்களைத் தவிர அந்த வீட்டில் அவனுக்குப் புரிகிற எழுத்து எதுவும் இல்லை.

வேலையிலும் அதே கதைதான். கம்பிக்கயிறும் கியர்பெட்டியும் எந்த ஊரிலும் ஒரே பாஷைதான் பேசும். மனிதர்கள்தான் வேறு வேறு. சூப்பர்வைசர் எதையாவது நீளமாகச் சொல்வார், இவன் தலையாட்டுவான். மத்தியானம் மற்றவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து சிரிப்பார்கள், இவனும் அரை நொடி தள்ளிச் சிரிப்பான். அவன் அங்கே முழுசாகக் கற்றுக்கொண்ட வித்தை தலையாட்டல் ஒன்றுதான்.

அவன் தங்கியிருந்த கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒரு கிழவி தனியாக இருந்தாள். அவள் பையை வாங்கிக்கொண்டு இவன் படியேறினால், வாசலில் நிறுத்தி வைத்துக் கால் மணி நேரம் பேசுவாள். ஒரு வார்த்தை புரியாது. இவன் தலையாட்டுவான். அவள் திருப்தியாகக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

தினமும் வீட்டுக்குப் போன் பேசுவான். இரண்டாம் மாதம் மனைவி ஒரு சேதி சொன்னாள்.

"என்னங்க, உங்கப்பா பேசுறாரு."

"யார்கிட்ட?"

"மாத்தாள்கிட்ட. சாயங்காலம் அவர் வேலை முடிஞ்சு வந்ததும் ரெண்டு பேரும் மொட்டை மாடிக்குப் போயிடுறாங்க. மாமாவுக்கு நாற்காலி, அவருக்குக் கவுத்துப்போட்ட பக்கெட்டு. வாய் மூடறதில்லை மாமா."

"அவருக்குத் தமிழ் தெரியாதேடி."

"'ஆமா' தெரியும். நம்ம பாப்பா சொல்லிக் குடுத்திருக்கா. அதை வெச்சே ஓட்டுறாரு."

"என்னதான் பேசுறாரு?"

"நான் காயப்போட்ட துணியை எடுக்கப் போனா நிறுத்திடுறாரு. அப்புறம் ஒண்ணு, மோட்டார் ஓடுறப்போதான் பேசுறாரு. அந்தச் சத்தத்துல எதிர்வீட்டு அக்காவுக்கே ஒண்ணும் கேக்கலையாம். பாவம், மாடியில வந்து நின்னு கழுத்து வலிச்சதுதான் மிச்சம்."

தெருவில் எந்த வீட்டில் தேங்காய் உடைத்தாலும் ஒரு மூடியா இரு மூடியா என்று சொல்லிவிடுகிற அக்காவுக்கே எட்டாத பேச்சு. அதை நினைத்து அவன் சிரித்தான். பிறகு கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

நாலாம் மாதம் ஒருநாள் மாத்தாள் வீடியோவில் கூப்பிட்டார். மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, கொடியில் பாப்பாவின் பள்ளிச் சீருடை. போனை அப்படியே திருப்பி செக்கரின் முகத்துக்கு நேரே பிடித்தார். அந்த ஆளுக்கு என்ன தெரியும்? அப்பன், பிள்ளை, காட்டினால் பேசுவார்கள் என்று நினைத்தார்.

மகன் லிஃப்ட் மோட்டார் அறையில் கிரீஸ் கையோடு நின்றான். அப்பா இளைத்திருந்தார். நாலு வருஷத்தில் முகத்துக்கு நேர் முகம் அதுதான் முதல் தடவை. செக்கர் தொண்டையைச் செருமினார். பிறகு மாத்தாள் பக்கம் திரும்பினார்.

"சாப்பிட்டானான்னு கேளுங்க."

மாத்தாள், "ஆமா" என்றார்.

மகனும் மாத்தாளிடமே சொன்னான். "சாப்பிட்டேன்னு சொல்லுங்க. உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க."

மாத்தாள் மறுபடியும், "ஆமா" என்றார்.

அன்று சாயங்காலம் கிழவியின் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனவன், அவள் பேசி முடித்ததும் நகரவில்லை. "அப்பா, அன்னைக்கு அப்படிக் கேட்டது தப்புதான். நீங்களும் என்ன பண்ணியிருக்க முடியும்? என்னை மன்னிச்சிருங்க" என்றான், தமிழில், அவள் முகத்தைப் பார்த்து. கிழவி அவன் கையைத் தட்டிக்கொடுத்துத் தலையாட்டினாள். நாலு வருஷமாக நெஞ்சுக்குள் கிடந்தது இவ்வளவுதானா என்றிருந்தது அவனுக்கு.

அதற்குப் பிறகு அது ஒரு பழக்கமாகிவிட்டது. ஆளில்லாத லிஃப்டில் கீழிருந்து மேல் போகும்வரை, அப்பாவிடம் சொல்லப்போவதைச் சொல்லிப் பார்ப்பான். 'மன்னிச்சிருங்க' அப்பாவுக்குப் பிடிக்காது என்று எடுத்துவிட்டான். பிறகு சேர்த்தான். மனைவியிடமும் இதைச் சொல்லியிருந்தான்; போனில் சொல்லலாமே என்று அவள் எத்தனையோ முறை சொன்னாள். "இதெல்லாம் நேர்ல சொல்றதுடி. இன்னும் பத்தொன்பது நாள்தானே?" என்றான் ஒருநாள்.

அந்தப் பத்தொன்பதைச் செக்கர் கொடுக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் மாடி நாற்காலியில் பேசிக்கொண்டே இருந்தவர் அப்படியே சாய்ந்தார். மாத்தாள் அவரை முதுகில் சுமந்துகொண்டு மாடிப்படி இறங்கி, தெருமுனைவரை ஓடினார் என்று எதிர்வீட்டு அக்கா அழுதுகொண்டே எல்லோரிடமும் சொன்னாள். ஆட்டோவில் ஏற்றும்போதே மூச்சு இல்லை.

மகனுக்கு அன்றைக்கே டிக்கெட் கிடைத்தது. நடுவில் மாற வேண்டிய விமானம் தவறிப்போனது. ஒருநாள் முழுக்க ஒரு விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வீட்டு வாசலில் அவன் பெட்டியோடு இறங்கியபோது, அம்மாவுக்கு வந்தது போலவே, எல்லாம் முடிந்த பிறகுதான் வந்திருந்தான். 'வந்துட்டியா' என்று கேட்கத்தான் இந்தத் தடவை ஆள் இல்லை. தெருவும் கேட்கவில்லை. தெரு கேட்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் மாத்தாளைத் தேடி மாடிக்குப் போனான். இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலத்தில்தான் பேச்சு.

"நாலு மாசம் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"நிறையச் சொன்னாரு."

"என்ன?"

மாத்தாள் கையைப் பிசைந்தார். "எனக்கு எப்படித் தெரியும்? சில நாள் கோபமா இருப்பாரு. சில நாள் கண்ணைத் துடைப்பாரு. நான் கேட்டுக்கிட்டு இருப்பேன். என் அப்பா போனப்போ நான் வெளியூர் வேலையில இருந்தேன். அதனால உக்காந்து கேட்டேன்."

"ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லையா?"

"இல்லை." கொஞ்சம் யோசித்தார். "ஆனா கடைசியில தினமும் ஒண்ணு கேப்பாரு. ஒரே கேள்வி. கேட்டுட்டு என் முகத்தையே பாத்துக்கிட்டு இருப்பாரு. நான் 'ஆமா'ன்னு சொல்லுவேன். உடனே என் கையைத் தட்டிட்டுக் கீழ இறங்கிடுவாரு."

"என்ன கேள்வி?"

"தெரியாது. 'ஆமா'ன்னுதான் சொன்னேன்." அவருக்குத் திடீரென்று பயம் வந்துவிட்டது. "தப்பாச் சொல்லிட்டேனா?"

மெக்கானிக் திரும்பிப் பார்த்தான். அப்பாவின் நாற்காலி தொட்டிப் பக்கம் பார்த்துக் கிடந்தது. 'நான் காப்பாத்தியிருக்கலாமா?' என்று கேட்டிருப்பாரோ? அதற்கா தினமும் ஆமா? இல்லை, 'அவன் என்னோட பேசுவானா?' என்றா? முப்பது வருஷம் கேள்வி கேட்ட மனுஷனுக்கு ஆயிரம் கேள்வி இருந்திருக்கும்.

கீழே மனைவி மோட்டாரைப் போட்டாள். அந்தச் சத்தம் மாடி முழுக்க நிறைந்தது. மாத்தாள் பழக்கத்தில் பக்கெட்டில் உட்காரப் போனவர், சட்டென்று நின்று, அவனுக்கு அதைக் காட்டினார். அவன் உட்கார்ந்தான். நாற்காலிக்கு நேர் எதிரே, மாத்தாள் உட்கார்ந்த உயரத்தில். லிஃப்டில் எழுபது எண்பது தடவை சொல்லிப் பார்த்தது ஒன்றும் நாக்கில் வரவில்லை. அப்பா கேட்பதற்கு இடம் விடுவது போல வெகுநேரம் சும்மா இருந்தான்.

பிறகு தலையை ஆட்டி, "இல்லப்பா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, அதுவும் தப்பாக இருக்குமோ என்று, "ஆமாப்பா" என்றான்.

தொட்டி நிறைந்து சுவரில் வழிய ஆரம்பித்தது. ஒரு சொட்டு வழிந்தாலும், "ஏய், தண்ணி போகுது, மோட்டாரை நிறுத்துங்க!" என்று தெருவே அதிரக் கத்துகிற எதிர்வீட்டு அக்கா, தன் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. துணியை அப்படியே கொடியில் விட்டுவிட்டு, சத்தமில்லாமல் கீழே இறங்கிப் போனாள்.