டைமர் வைத்து எடுத்த படம்

மார்ச் 14, வெள்ளி. இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். அக்கா வீட்டில் எடுத்த குடும்பப் படங்களில் நல்லவற்றைப் பொறுக்கும்போது, மாலை நேரப் புகைப்பட வகுப்பில் சொன்னபடி, கலங்கலாக விழுந்தவற்றை முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிட்டேன். மீதியில் ஒன்றை, திருத்துவதற்கு முன்பே அக்காவுக்கு அனுப்பினேன். அதில் எல்லோர் கண்ணும் திறந்திருந்தது. எனக்குப் பெருமைதான்.

உடனே போன் வந்தது.

"டேய் கேமராமேன், இதுல நீ எங்கடா?"

"நான்தானேக்கா எடுத்தேன்."

"மண்டு! டைமர் வச்சுட்டு ஓடி வந்து என் தோள்ல இடிச்சியே, அந்தப் படம்?"

ஒதுக்கியவற்றில் தேடினேன். நான் இருந்த ஒரே படம் அதுதான். என் முகம் கலங்கலாக விழுந்திருந்தது. மற்ற எல்லோரும் என் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்று நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"என் மூஞ்சியே தெரியலக்கா."

"தெரிஞ்சா மட்டும்? அதையே அனுப்புடா, பிரேம் போடணும்."

போனை வைத்ததும் அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அந்தப் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டே சாப்பிட்டேன். வகுப்பில் காட்டினால் சிரிப்பார்களோ, தெரியவில்லை.

நாளை வேலை: அந்தப் படத்தில் வெளிச்சத்தை மட்டும் சரிசெய்து அக்காவுக்கு அனுப்ப வேண்டும். ஒதுக்கியவற்றை முதலிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும்.