வலது மூலை

1

இந்தக் கதை லேப்டாப் பழுது பார்க்கும் கடையில் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற பெண் சொன்னாள்: "இத ஆன் பண்ண ரெண்டு பேர் வேணும் தம்பி." மெக்கானிக் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு வரிதான் அவளுடையது, மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

"மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அவள்…"

வேண்டாம். ஏக்கம் என்றாலே மழையைக் கூப்பிட்டுவிடுகிறேன்.

அவள் வீட்டிலிருந்தே புத்தகங்களுக்கு அட்டை வடிவமைப்பவள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். சேர்ந்து இருந்தபோதே லேப்டாப் மக்கர் செய்யத் தொடங்கியது: பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும், திரை கறுப்பாகவே கிடக்கும். ஒருநாள் அவர் வலது மூலையை அமுக்கிப் பிடிக்க, அவள் பட்டனை அழுத்த, திரை வந்துவிட்டது. அன்றிலிருந்து மூலை அவருக்கு, பட்டன் அவளுக்கு.

3

இப்போது அவர் வேறு வீட்டில் இருக்கிறார். (ஏன் பிரிந்தார்கள்? என்ன காரணம் எழுதினாலும் யாராவது ஒருவர் கெட்டவராகிவிடுகிறார். எழுதியதையெல்லாம் அடித்துவிட்டேன்.) ஆனாலும் திரை வராத நாளில் அவள் ஃபோன் செய்வாள்.

"ஆன் ஆக மாட்டேங்குது."

"வர்றேன்."

வந்து மூலையை அமுக்குவார். திரை வந்ததும் டீ குடிப்பார். போய்விடுவார். அந்த டீக்குத்தான் அவள் இரண்டு தம்ளரையும் இன்னும் வெளியிலேயே வைத்திருக்கிறாள்.

4

ஒரு வாரம் அவர் வேலையாக வெளியூர் போய்விட்டார். அட்டை அவசரம். வேறு வழியில்லாமல் அவள் கடைக்குப் போனாள். கடை மெக்கானிக் பின்மூடியைக் கழற்றினான்.

"உள்ள ரேம் மெமரி லூசா இருந்துச்சுக்கா. கழட்டி மாட்டிட்டேன். இனிமே நீங்க ஒரு ஆளே போதும்."

"அந்த வலது மூலை?"

"அங்க ஒண்ணுமே இல்லக்கா. வெறும் பிளாஸ்டிக்."

"அமுக்குனா ஆன் ஆச்சே தம்பி."

"நாலஞ்சு தடவ விடாம முயற்சி பண்ணியிருப்பீங்க. அதுல ஒரு தடவ தானா வந்திருக்கும்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் பக்கத்தில் இருந்தால் அவள் திரை வரும்வரை அழுத்துவாள். தனியாக இருக்கும்போது ஒரே ஒருமுறை அழுத்திவிட்டு ஃபோனை எடுத்துவிடுவாள்.

(அவர்மேல்தான் எனக்குச் சந்தேகம். சர்க்யூட்டோடு நாள் முழுக்க மல்லுக்கட்டும் ஆள். வெறும் பிளாஸ்டிக்கை அமுக்குகிறோம் என்று தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் வந்தார் என்று எழுத எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அவர் என்னிடம் வாயே திறக்கவில்லை.)

5

அவர் ஊர் திரும்பிவிட்டார். அவள் மேசைமுன் உட்கார்ந்து பட்டனை அழுத்துகிறாள். முதல் தடவையிலேயே திரை வந்துவிடுகிறது. அவளுக்கு அழுகை வருகிறது.

ஒரு முடிவு: "ஆன் ஆக மாட்டேங்குது" என்று பொய் சொல்வாள். அவர் வருவார். டீ குடிப்பார். போய்விடுவார்.

இன்னொரு முடிவு: "சரியாயிடுச்சு. சும்மாதான் கூப்பிட்டேன். வாங்களேன்."

இரண்டாவதை எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். காரணமே இல்லாமல் ஒருவரை வா என்று கூப்பிட என் கதாபாத்திரத்துக்குத் தைரியம் கொடுக்க வேண்டுமென்றால், அது முதலில் என்னிடம் இருக்க வேண்டும்.

அவள் ஃபோனைக் காதில் வைத்திருக்கிறாள். மணி அடிக்கிறது. அவர் எடுத்துவிட்டார்.

"சொல்லு. ஆன் ஆகலையா?"

உங்களுக்கும் அப்படி ஒருவர் இருப்பார். அவள் என்ன சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம், அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.