தண்ணீர் டிரம் மேல் ஒரு கேரம் போர்டு

"பனவடலி ரூமை மூடுதோமா, இல்லையா? ஒண்ணு சொல்லுங்க யக்கா."

ஹஸ்னா பானு இதைக் கேட்டு வெகு நேரமாகியிருந்தது. ராஜேஸ்வரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் ஒரு லோடு ஆட்டோ முன்னும் பின்னும் நகர்ந்து நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தது.

"இப்படியே இருந்தீங்கன்னா சம்மதம்னு நானே கருத்தப்பாண்டி அண்ணாச்சிக்குப் போனைப் போட்டிருவேன்."

"யோசிக்கேன், ஹஸ்னா."

"நீங்க யோசிச்சு முடிக்கதுக்குள்ள அவரு உர மூட்டையை இறக்கிருவாரு."

'நிழற்குடை' என்ற அந்தத் தொண்டு நிறுவனத்தை நடத்துவது இவர்கள் இருவரும்தான். பணம், ஆட்கள், அரசு அலுவலகங்கள் எல்லாம் ஹஸ்னா. பயிற்சி ராஜேஸ்வரி. இளம் பிள்ளைகளுக்காக ஏற்கெனவே இயங்கும் விடுதிகள், மாலை வகுப்புகள், ஊர் நூலகங்கள் ஆகியவற்றைத் தேடிப்போய், அங்கே வேலை செய்பவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து, அந்த இடங்களைக் கொஞ்சம் நிமிர்த்தி நிற்க வைப்பது அவர்கள் வேலை. தங்கள் பெயரிலேயே நடத்தியது மூன்று அறைகள் மட்டும். புளியங்குடியில் ஒன்று, ராயகிரியில் ஒன்று, பனவடலிசத்திரத்தில் ஒன்று. பத்தாவது முடித்து, பன்னிரண்டாவது முடித்து, அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து பேச ஓர் இடம்.

மூன்றிலும் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. பனவடலியில் பொங்கலுக்குப் பிறகு யாரும் வரவில்லை. அறையை வாடகையில்லாமல் கொடுத்திருந்த கருத்தப்பாண்டி, "சும்மா கெடக்கதுக்கு நான் உரத்தையாவது அடுக்குவேன்லா" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். அதில் கோபம் இல்லை. அதுதான் ராஜேஸ்வரியை அதிகம் உறுத்தியது. பனவடலி போனால் மற்ற இரண்டும் நிற்காது என்று அவளுக்குத் தெரியும்.

"போய்ப் பாத்துட்டு வருவோம்," என்றாள்.

"எப்ப?"

"இப்பவே."

ஹஸ்னா கைப்பையை எடுத்துக்கொண்டாள். "ஒரு வார்த்தைக்கு இவ்வளவு நேரம். நல்லா இருக்கு."

திருநெல்வேலி பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. ஹஸ்னா முதலில் பனவடலி அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குப் போன் செய்து, வருவதாகச் சொன்னாள்; பிறகு யாருடனோ கட்டட வரி பற்றிச் சண்டை போட்டபடி வந்தாள். ராஜேஸ்வரி வெளியே பார்த்தாள். ஆனி மாதக் காற்றில் ரோட்டோரத்து வேலிக்கருவை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அவள் வளர்ந்த வீட்டில் பேச்சு குறைவு. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படிப்பார். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஏதாவது புத்தகம் படிப்பாள். மத்தியானம் வரை இருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். நடுவில் அப்பா கையை நீட்டி அவள் தலையைத் தொட்டுப் பார்ப்பார், இருக்கிறாளா என்பதுபோல. அதைவிடப் பெரிய அன்பு எதையும் அவள் பிறகு கண்டதில்லை. பயிற்சி கொடுக்கும் வேலைக்கு வந்தபோது அவளிடம் இருந்ததும் அதுதான். அதையே அவள் கற்றுக் கொடுத்தாள். பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். நீங்களே பதிலை எடுத்துக் கொடுக்காதீர்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். எவ்வளவு நேரமானாலும் சரி.

பயிற்சிக்கு வந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் அவளை 'மௌன மேடம்' என்றார்கள். அவளுக்கு அது தெரியும். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பனவடலிசத்திரத்தில் இறங்கி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே நடந்தார்கள். அறையின் பச்சைக் கதவு திறந்திருந்தது. உள்ளே மாலா தரையைப் பெருக்கி முடித்து, நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த அறைக்குப் பொறுப்பானவள் அவள். உள்ளூர்ப் பெண், பி.காம். படித்தவள். இவர்களைப் பார்த்ததும் துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே இருந்தன. ராஜேஸ்வரி பயிற்சியில் சொன்ன அதே இடைவெளி. சுவரோரம் நீலத் தண்ணீர் டிரம். அதன் மேல் மூடியாக ஒரு கேரம் போர்டு, அதன் மேல் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் தம்ளர்.

அந்தப் போர்டு ராஜேஸ்வரிக்கு நினைவிருந்தது. அறை தொடங்கியபோது பிள்ளைகளை இழுக்க வாங்கியது. இழுக்கவும் செய்தது. சத்தம், சண்டை, சிரிப்பு. ஆடத்தான் வருகிறார்கள், பேச வருவதில்லை என்று அவள்தான் மூன்று ஊர்களிலும் போர்டை எடுக்கச் சொன்னாள்.

அவள் உட்கார்ந்தாள். மாலா எதிரே நுனியில் உட்கார்ந்தாள்.

"பிள்ளைங்க ஏன் வரமாட்டேங்காங்க, மாலா?"

கேட்டுவிட்டு, வழக்கம்போல் காத்திருந்தாள். மாலா தன் விரல்களைப் பார்த்தாள். அப்புறம் வாசலைப் பார்த்தாள். வெளியே ஒரு டிராக்டர் வந்து, கடந்து, அதன் சத்தம் தேய்ந்து போனது. மாலாவின் கண் கலங்கிவிட்டது.

"தப்புன்னா திட்டிருங்க மேடம். சாயந்திரம் ரெண்டு நாள் சீக்கிரம் பூட்டிட்டுப் போனது நெசந்தான். அம்மைக்கு முடியலன்னு... இனி போமாட்டேன்."

ராஜேஸ்வரி திகைத்துப்போனாள். "நான் அதைக் கேக்கலியே."

"நீங்க அப்படியே பாத்துட்டு இருந்தீங்களா..."

ஹஸ்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

அப்போது வாசலில் ஒரு குரல் கேட்டது. "யக்கா, வந்துட்டேன். எங்க ஐஸ்?"

நெடுநெடுவென்று ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பெரியவர்களைப் பார்த்ததும் நாக்கைக் கடித்தாள். மாலா முகம் சிவந்து எழுந்தாள்.

"இது அபிதா மேடம். பன்னெண்டாவது முடிச்சிருக்கா. நம்ம சென்டருக்கு வழக்கமா..."

"வழக்கமாவா? மேடம்மாரு வாராங்க, ஒரு தலையாவது வேணும், வந்தா குச்சி ஐஸ் வாங்கித் தாரேன்னு இவங்கதான் போன்ல கூப்பிட்டாங்க," என்றாள் அபிதா.

ஹஸ்னா வாய்விட்டுச் சிரித்தாள். "ஏட்டி, ஐஸை நான் வாங்கித் தாரேன். நீ உள்ளதைச் சொல்லு. இங்கன ஏன் ஒருத்தரும் வரதில்ல?"

"இங்க வந்தா ஏச்சு விழும்லா."

"யாரு ஏசுனா? மாலாவா?"

"யாரும் வாயத் தொறந்து ஏசல. ஏதாவது கேப்பாங்க, எப்படி இருக்கே, வீட்ல எப்படின்னு. அப்புறம் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. எங்க அப்பா அப்படி இருந்தாருன்னா அன்னைக்கு வீட்ல ஒருத்தரும் சோறு திங்க மாட்டோம். என்ன தப்பு செஞ்சோம்னு ஒவ்வொண்ணா யோசிக்கணும். எங்கூடப் படிச்ச பிள்ள ஒருத்தி பயந்துபோய், செய்யாததை எல்லாம் செஞ்சேன்னு சொல்லிட்டு அழுதுகிட்டே ஓடிட்டா. அதுக்கப்புறம் எவ வருவா?"

ராஜேஸ்வரிக்கு அந்தப் பிள்ளையைத் தெரியும். பார்த்ததில்லை, மாலா சொல்லிக் கேட்டிருந்தாள். மேடம், நீங்க சொன்ன மாதிரியே காத்திருந்தேன், ஒரு பொண்ணு மனசைத் திறந்து அழுதுட்டா என்று. அடுத்த பயிற்சியில் எல்லோர் முன்னாலும் அதை எடுத்துச் சொல்லி, மாலாவை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தவள் அவள்தான்.

அறையில் யாரும் பேசவில்லை. இந்த அமைதி தன்னுடையதுதான், தான்தான் ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்கியது என்று அவளுக்குத் தோன்றியது. எதையாவது சொல்லவேண்டும்.

"தப்பு உங்க யாரு மேலயும் இல்ல, மாலா," என்றாள். "நான் சொல்லிக் குடுத்தது தப்பு."

மாலா நம்பாமல் ஹஸ்னாவைப் பார்த்தாள். ஹஸ்னா ஆமாம் என்று தலையசைத்தாள்.

பெரியவர்கள் பேசுவது அபிதாவுக்கு அலுத்துவிட்டது. தண்ணீர் குடிக்க டிரம் பக்கம் போனாள். தம்ளரை எடுத்தவள் போர்டையும் தூக்கிப் பார்த்தாள். "போச்சு. இந்த மூலை ஊறிட்டு. காய் எல்லாம் எங்கக்கா?"

காய்கள் அலமாரியில் பிஸ்கட் டப்பாவில் இருந்தன. சிவப்புக் காய் மட்டும் இல்லை. அபிதா தன் நெற்றிப் பொட்டை எடுத்து ஒரு வெள்ளைக் காயில் ஒட்டினாள்.

"இதான் ரெட். யாரு வாரீங்க?"

எதிரெதிரே இருந்த நாற்காலிகளை நகர்த்திவிட்டு நால்வரும் தரையில் உட்கார்ந்தார்கள். பவுடர் இல்லை. மாலா தன் பையிலிருந்து முகத்துக்குப் போடும் பவுடரை எடுத்துத் தூவினாள். ராஜேஸ்வரி கல்லூரிக்குப் பிறகு கேரம் தொட்டதில்லை. அவள் அடித்த ஸ்ட்ரைக்கர் நேராகப் போய்க் குழிக்குள் விழுந்தது.

"யக்கா, நம்ம காயை உள்ள தள்ளணும். அதைத் தள்ளக் கூடாது," என்றாள் ஹஸ்னா.

"நீ பேசாம ஆடு."

"பேசாம இருக்கது உங்க டிபார்ட்மெண்ட்."

ஊறிப்போன மூலைக்குப் போன காயெல்லாம் கடைசியில் வளைந்து விலகிப் போனது. கொஞ்ச நேரம் சிரித்தார்கள். அப்புறம் ஆட்டம் சூடுபிடித்தது. காய் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. எல்லோர் கண்ணும் போர்டில் இருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"மதுரையில லேப் டெக்னீசியன் படிப்பு இருக்காம்லா," என்றாள் அபிதா. குனிந்து குறிபார்த்துக்கொண்டே சொன்னாள். யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. "அது பொம்பளப் பிள்ளைங்களுக்கும் உண்டா?"

"உண்டு," என்றாள் ராஜேஸ்வரி.

காய் விழவில்லை. மாலாவின் முறை வந்தது. பிறகு ஹஸ்னா.

"அப்பா என்னைத் திருப்பூருக்கு அனுப்பப் போறாரு. பனியன் கம்பெனிக்கு. அடுத்த மாசம் எங்க சித்தி வந்து கூட்டிட்டுப் போகும்." ஸ்ட்ரைக்கர் அவளிடம் திரும்பி வந்திருந்தது. அதைக் கோட்டில் இங்குமங்கும் நகர்த்தினாள். "எனக்குப் போக இஷ்டமில்லன்னு இன்னும் சொல்லல. அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு. பேசாம இருப்பாரு. அதான் பயம்."

ராஜேஸ்வரி பதில் சொல்லவில்லை. ஆனால் இப்போது அவள் பேசாததை யாரும் கவனிக்கவில்லை. அவள் கைகள் குழியில் விழுந்த காய்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தன. அந்தப் பெண்ணின் தோள் கொஞ்சம் தளர்ந்திருந்ததை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்பாவின் பேப்பர் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் அவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை.

"உங்க அப்பாட்ட நாங்க வந்து பேசட்டுமா?" என்று ஹஸ்னா கேட்டாள். "எனக்கு வாய் அதிகம். அவரு பேசாம இருந்தாலும் நான் நிறுத்தமாட்டேன்."

அபிதா தலையை நிமிர்த்தினாள். "நெசமாவா?"

வாசலில் நிழல் விழுந்தது. கருத்தப்பாண்டி நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் மோட்டார் ரூம் சாவிக்கொத்து. மாலா சட்டென்று எழுந்து நின்றாள்.

"ரூமை எப்பக் காலி பண்ணுதியன்னு கேக்க வந்தா, ஆட்டம் போடுதிய," என்றார்.

ராஜேஸ்வரி எழுந்தாள். "உக்காருங்க அண்ணாச்சி. இங்க பிள்ளைங்க வராததுக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு. தப்பு எங்க மேலதான். சரி பண்ண கொஞ்சம் டைம் வேணும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவளையே பார்த்தார்.

அவர் பார்க்கப் பார்க்க ராஜேஸ்வரி பேசிக்கொண்டே போனாள். இடத்தைச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறோம் என்றாள். அதுவும் போதாதோ என்று தோன்றியது. கரண்ட் பில்லை இனி நாங்களே கட்டிவிடுகிறோம் என்றாள். அவர் அசையவில்லை. போன வருஷக் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிட மறந்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். அவர் அதை எப்போதாவது நினைத்தாரா என்றுகூட அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் அபிதா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் ராஜேஸ்வரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சிரிப்பு?" என்றார் கருத்தப்பாண்டி.

"நீங்க பேசாம இருக்கியள்லா தாத்தா," என்றாள் அபிதா. "மேடம் பயந்து என்னெல்லாமோ சொல்லுதாங்க."

"நான் எங்க பயமுறுத்துனேன்?" அவர் நிஜமாகவே குழம்பினார். "அந்தப் பொட்டு வச்ச காயை எவ அடிக்கப் போறான்னுல்லா பாத்துக்கிட்டு இருக்கேன். குழிக்கு நேராக் கெடக்கு. ஒருத்திக்கும் கண்ணு தெரியல."

ஹஸ்னா ஸ்ட்ரைக்கரை அவர் பக்கம் நீட்டினாள். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அப்புறம் துண்டை நாற்காலியில் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். குறிபார்த்து ஒரே அடி. பொட்டுக் காய் உள்ளே போனது. ஆனால் அடுத்துப் போடவேண்டிய காய் ஊறிய மூலையில் வளைந்து நின்றுவிட்டது. சிவப்பை மறுபடி எடுத்து நடுவில் வைத்தார்கள்.

"இந்தப் போர்டு ஆவாது," என்றார் அவர் எழுந்து. "மூட்டை ஆவணியிலதான் வரும். ஆடித்தபசு வரைக்கும் பாருங்க. பிள்ளைக வந்தா இருங்க. வரலன்னா சாவியைக் குடுத்திருங்க. இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாது."

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் ஹஸ்னா தூங்கிப்போனாள். சங்கரன்கோவில் வரும்வரை ராஜேஸ்வரி யோசித்துக்கொண்டே வந்தாள். மௌனத்தை அவள் விடப்போவதில்லை. அது இல்லாமல் அவளால் இருக்கவும் முடியாது. ஆனால் அதை ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேராகப் பிடிக்கக் கூடாது.

மறுநாள் ராயகிரிக்கும் புளியங்குடிக்கும் அவளே போன் செய்தாள். நாற்காலிகளை எடுத்துவிட்டு, பழைய கேரம் போர்டை மறுபடி வெளியே எடுக்கச் சொன்னாள். ஏன் என்று அவர்கள் கேட்டார்கள். காரணத்தை, தன் தப்பையும் சேர்த்து, முழுதாகச் சொன்னாள். அவள் போனில் இவ்வளவு பேசி ஹஸ்னா பார்த்ததில்லை. ஒரு வார்த்தை கேலி செய்யாமல் டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

அடுத்த வாரம் மாலாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. பின்னால் ஒரே கூச்சல். மாலா கத்தித்தான் பேசவேண்டியிருந்தது.

"மேடம், அபிதா நாலு பேரைக் கூட்டிட்டு வந்திருக்கா. நீங்களும் ஹஸ்னா மேடமும் ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரட்டுமான்னு அவ அப்பாட்ட கேட்டாளாம். ஒண்ணும் பேசாம சரின்னு தலைய மட்டும் ஆட்டுனாராம். அப்புறம் மேடம், பொட்டு கழண்டு கழண்டு போகுது. ஒரு ரெட் காயி வாங்கிட்டு வாங்க."

ரத வீதி முனையிலிருந்த விளையாட்டுச் சாமான் கடையில் ராஜேஸ்வரி கேட்டாள்.

"ரெட் மட்டும் தனியா கிடையாதுக்கா. முழு செட்டுதான்," என்றார் கடைக்காரர். "யாருக்கு? பையனுக்கா?"

அவள் கண்ணாடி மேசையில் ஒரு ஸ்ட்ரைக்கரை வைத்துச் சுண்டிப் பார்த்தாள். அது நேராகப் போய் எதிர்ப்பக்கச் சட்டத்தில் முட்டித் திரும்பி வந்தது.

"எனக்குத்தான்," என்றாள். "மூணு செட் குடுங்க. பெரிய போர்டும் ஒண்ணு."