உள்ளூர் ரேடியோ

அன்னவாசல் பஞ்சாயத்து ஆபீஸ் ரேடியோவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பூமாலை போட்டிருந்தது. போட்டவர் கடலை விவசாயி வீரய்யா. உதவித்தொகையில் படிக்க சிக்காகோ போன அவர் மகன் ஆண்டிச்சாமி, 'ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு உள்ளூர் ரேடியோவில் பேசப்போகிறேன்' என்று நீலக் கடுதாசியில் எழுதியிருந்தான். உள்ளூர் ரேடியோ என்றால் திருச்சி. 1961-ல் அன்னவாசலில் இதற்கு மறுபேச்சு கிடையாது.

வீரய்யாவுக்கு அந்தக் குரல் அவசரமாகத் தேவைப்பட்டது. தன் மகள் செவந்தியை ஆண்டிச்சாமிக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்த அறந்தாங்கி சோலையப்பனிடம், பையன் இனித் திரும்ப மாட்டான் என்று யாரோ ஓதிவிட்டார்கள்.

"எப்ப வாரான்னு அவன் வாயால கேட்டாப் போதும். இன்னிக்கே தட்டு மாத்திக்குவோம்" என்று சோலையப்பன் வெற்றிலை பாக்குத் தட்டோடு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்.

பத்து மணிக்கு கிளார்க் ரெங்கசாமி பெட்டியைத் திறந்து குமிழைத் திருகினார். ரேடியோ சூடேறி, இரண்டு முறை இருமிவிட்டு, வெங்காயத்தில் வரும் நுனிக்கருகலைப் பற்றிப் பேசியது.

"இது யாருங்க?" என்றார் சோலையப்பன்.

"வெவசாய ஆபீசரு, சம்பந்தி. நம்ம பய இவருக்குப் பின்னாடி வருவான்."

ஆபீசருக்குப் பின்னால் கத்தரிக்காய் வந்தது. அதற்குப் பின்னால், காலை ஒலிபரப்பு முடிந்தது என்ற அறிவிப்பு வந்தது. ரேடியோ மாலையும் கழுத்துமாக உம்மென்று இருந்தது.

"அந்தக் கடுதாசியக் கொண்டாங்க மாமா" என்று ரெங்கசாமி வாங்கிப் புரட்டினார். வீரய்யா அதைக் கருக்கரிவாளால் பிரித்திருந்தார். "இங்கிட்டு ஒரு மடிப்பு ஒட்டிக்கிட்டில்ல இருக்கு!" எச்சில் தொட்டுப் பிரித்து, ஆபீஸ் பழக்கத்தில் சத்தமாகவே படித்தார்:

'அப்பா, இந்த ஊரில் மட்டும் உள்ளூர் ரேடியோ பத்துப் பதினைந்து இருக்கிறது. நான் பேசுவது ஆகச் சின்னது. முப்பது மைல் தாண்டினால் கேட்காது. வெளிநாட்டு மாணவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்பார்களாம்: படித்து முடித்து ஊருக்குத் திரும்புவீர்களா? என்ன பதில் சொல்வது என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.'

படித்த பிறகுதான் ரெங்கசாமிக்கு உறைத்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "அங்க இப்ப சனிக்கெழம ராத்திரிதாங்க. இன்னும் ஒண்ணும் பேசியிருக்க மாட்டாப்ல" என்றார்.

"நல்லதாப் போச்சு. நாளைக்கு அந்த ஊரு பால்காரனுக்குக்கூடத் தெரிஞ்சிரும். பொண்ணப் பெத்தவனுக்குத் தெரியாது" என்று சோலையப்பன் தட்டை எடுத்துத் துண்டால் மூடினார்.

"சம்பந்தி, ஒரு வாய் காப்பி..."

"போறேங்க."

அவ்வளவுதான். வரி கேட்டு வருகிற ஆளிடம்கூட 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிவிட்டுப் பிரிகிற ஊர் அது. சோலையப்பன் பஸ் ஏறும்வரை வீரய்யா காத்திருந்தார். 'வாரேன்' என்ற மிச்சப் பாதி வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் திருச்சி ஜங்ஷனில் ரயில் நகர்ந்தபோது ஆண்டிச்சாமியும் ஜன்னல் வழியாக ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்பது இப்போது பிடிபடவில்லை.

"ரெங்கசாமி, அன்னிக்கி எம்மகன் 'போறேன்'னானா, 'போயிட்டு வாரேன்'னானா?"

ரெங்கசாமி கடுதாசியை மடித்துக் கொடுத்தார்.

"எனக்குக் கேக்கலீங்க மாமா. நாந்தான் 'ஆண்டிச்சாமி வாழ்க'ன்னு கத்திக்கிட்டிருந்தேனே."